பெரியப்பா பெயரில் ஒரு கடை

1

இந்த வாரம் எங்கள் கடைக்கு ஒரு வயது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழையும் காற்றும் முறை வைத்து அடிக்கும் ஒரு சின்ன ஊரில், முன்பு செருப்புக்கடையாக இருந்த இடத்தில் நடக்கும் உணவகம். பலகையில் 'கிட்டுச்சாமி' என்று ஆங்கிலத்தில் பெரிதாகவும் அதற்குக் கீழே தமிழில் சிறிதாகவும் இருக்கும். கிட்டுச்சாமி என் பெரியப்பா. கேரள எல்லைக்குள், பொள்ளாச்சியை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் நல்லபடியாக, உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே சாப்பிட வரும் தமிழர்களில் பலர் பலகையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எப்போ தவறினாங்க?" என்று விசாரிக்கிறார்கள்.

ஆண்டு நிறைவுக்குப் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்திருந்தோம். பெரியப்பா வர மறுத்துவிட்டார். "நெல்லு கதிர் வாங்கற சமயம். ரெண்டு பேரும் கெளம்பீட்டா தண்ணி கட்டறது ஆரு? உங்க பெரியம்மாளக் கூட்டீட்டுப் போ. அவ ஏரோப்ளேன் ஏறி எறங்கி வந்து சொன்னா நான் ஏறுன மாதிரிதான்" என்றார். பெரியம்மா மட்டும் வந்தார். வந்து சேர்ந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாகத் தெரியலாம். எனக்கு இன்னும் சிரிக்க வரவில்லை.

2

நான் மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் பொறியாளர். ஒரு கருவி எந்தெந்த வழியில் பழுதாகலாம் என்று முன்கூட்டியே யோசித்துப் பட்டியல் போடுவது என் வேலை. எதற்கு வாய்ப்பு அதிகம், எது நடந்தால் பாதிப்பு அதிகம், யார் அதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று கட்டங்கள். வேலைக்கு வெளியேயும் இந்தப் பழக்கம் போவதில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும்போதும் மனதுக்குள் அந்தக் கட்டங்கள் ஓடும். என் கணவர் செந்தில் இதைக் கிண்டல் செய்வார். "உனக்கு நல்லது நடந்தாக்கூட, ஏன் நடந்ததுன்னு அறிக்கை வேணும்" என்பார். கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் மாலைகளிலும் வார இறுதியிலும் போவேன்.

பெரியம்மாவின் பயணத்துக்கும் பட்டியல் போட்டேன். இடையில் விமானம் மாறும் இடத்தில் வழி தெரியாமல் போவது. சர்க்கரை மாத்திரை பெரிய பெட்டிக்குள் போய்விடுவது. ஊறுகாய்ப் பாட்டில் உடைவது. கழிப்பறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு எழுதினேன். நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

3

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா காந்தலூரில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தார். என்னை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அம்மா, மலையை விட்டு இறக்கிக் கொழிஞ்சாம்பாறையில் தன் அக்கா வீட்டில் விட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. கல்லூரி முடிக்கும்வரை அதுதான் என் வீடு.

ஓர் உணவகத்துக்கு அவர் பெயர் என்றதும் அவர் பெரிய சமையல்காரர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அடுப்புப் பக்கமே போனதில்லை. சாப்பிடுவதில் பிரியம் உள்ளவர், அவ்வளவுதான். அதுவும் ஓட்டல் சாப்பாடு. சந்தை நாளில் பொள்ளாச்சி பஸ் ஏறும்போது பெரும்பாலும் என்னையும் கூட்டிக்கொள்வார். உட்கார்ந்ததும் பட்டியலைக் கேட்க மாட்டார். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இன்னைக்கு எது நல்லா வந்திருக்குது? நீங்க எதைத் தின்னீங்க?" என்பார். அவர் எதைச் சொல்கிறாரோ அதைத்தான் வாங்குவார். "சமையக்காரன் ஆயிரம் சொல்லுவான். பந்தி வெக்கறவனுக்குத்தான் நெசம் தெரியும்" என்பது அவர் கணக்கு.

மருத்துவப் படிப்புக்கு என் மதிப்பெண் போதாது என்று தெரிந்த நாளில் அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். நான் தட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். "அழுதுட்டே தின்னா தொண்டைல நிக்கும் கண்ணு. மொதல்ல தின்னு. அழுவறதுக்கு பஸ்ஸுல எடம் இருக்குது" என்றார். திரும்பும் வழி முழுக்க அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் பொறியியல் விண்ணப்பம் வாங்க அவரே போனார்.

கடைக்குப் பெயர் வைக்கும்போது செந்தில் மசாலா, தந்தூரி என்று முடியும் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட பெயர் இந்த நாட்டில் ஊருக்கு நாலு இருக்கிறது. நான் 'கிட்டுச்சாமி' என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அந்த மனுசன் பேரைப் போட்டா நாம சாம்பார்ல தண்ணி ஊத்த முடியாது" என்றார்.

பெயரைப் பதிவு செய்யும் அலுவலகத்தில்தான் சிக்கல். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "கிட்டுச்சாமி யார்? பங்குதாரரா?" என்றார்.

"இல்லை."

"முதல் போட்டவரா?"

"இல்லை. என் பெரியப்பா."

"அவருக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன தொடர்பு?"

'நன்றாகச் சாப்பிடுவார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

ஊருக்குப் போன் செய்து சொன்னபோது பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ற பேரையா? அங்கிருக்கறவனுக்கு வாயில நொழையுமா?" பெரியம்மா போனைப் பிடுங்கினார்.

"ஏங்கண்ணு, உனக்குச் சாமி பேர் ஒண்ணும் கெடைக்கலியா? பழனியாண்டவன் பேரை வெக்கறது."

"பெரியப்பா பேருதான் புடிச்சுது பெரியம்மா."

"புடிக்கறதுக்கென்ன. பலகைல எளுதி எல்லாரும் வாயில போட்டுப் பொரட்டோணுமா?"

நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

அது கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். பெரியம்மா ராகுகாலம் பார்க்கிறவர் அல்ல. பூனை குறுக்கே போனால் அதைத் திட்டிவிட்டு நடப்பவர். இந்த ஒன்றில் மட்டும் அசைய மாட்டார். ரேஷன் கடையிலும் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் "பர்த்தாவிண்டெ பேரு?" என்று மலையாளத்தில் கணவர் பெயரைக் கேட்டால் என் தோளில் ஒரு இடி விழும். நான் 'கிட்டுச்சாமி' என்பேன். அதற்காகவே என்னைக் கூட்டிப் போவார். நான் இங்கே வந்த பிறகு யாரைக் கூட்டிப் போனார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இங்கோ, ஒரு நாளைக்கு அந்தப் பெயரை எத்தனை முறை சொல்கிறோம் என்று கணக்கே இல்லை. போன் அடித்தால் செந்தில், "கிட்டுச்சாமி, மாலை வணக்கம்" என்பார். வாடிக்கையாளர்கள் செந்திலையே கிட்டு என்கிறார்கள். அவர் திருத்துவதை விட்டுவிட்டார். எங்கள் மகள் இனியாவுக்கு ஆறு வயது. ஒருநாள் வீடியோ அழைப்பில் பெரியப்பா முகம் தெரிந்ததும், இங்குள்ளவர்கள் இழுக்கிற மாதிரியே இழுத்து, "ஹாய் கிட்டு-சா-மீ!" என்றாள்.

பெரியப்பாவுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. பெரியம்மா சட்டென்று திரையை விட்டு நகர்ந்தார். அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் ஊற்றப் போனதாகப் பிறகு தெரிந்தது.

நான் இனியாவைக் கண்டித்தேன். "பெரிய தாத்தான்னு சொல்லணும்." அவளுக்குப் புரியவில்லை. "ஆனா அதுதானே அவர் பேர்? எல்லாரும் சொல்றாங்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அப்பா, அம்மா, தான், பக்கத்தில் ஒரு நீளக் கட்டம் வரைந்திருந்தாள். இது என்ன என்று கேட்டேன். "பெரிய தாத்தா" என்றாள். கடைப் பலகை. அந்தப் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

5

விசா கிடைத்தபின் தினமும் போனில் பெரியம்மாவுக்கு ஒத்திகை வைத்தேன். இறங்கியதும் அதிகாரி என்னென்ன கேட்பார் என்று எழுதி வைத்துக்கொண்டு நானே அதிகாரியாகப் பேசினேன்.

"யார் வீட்டுக்குப் போறீங்க?"

"என்ற மக ஊட்டுக்கு."

"மகள்னு சொல்லாதீங்க பெரியம்மா. தங்கச்சி மகள்னு சொல்லோணும். பேப்பர்ல அப்படித்தான் இருக்குது."

"அப்படிச் சொன்னா ஆரோ மாதிரி இருக்குதே கண்ணு."

"அவங்களுக்கு அப்படித்தான் சொல்லோணும்."

"செரி, ஆரோன்னே சொல்றேன். அடுத்தது கேளு."

"அவங்க என்ன பண்றாங்க?"

"என்ற... தங்கச்சி மக கம்பெனில வேல. மாப்பளை கடை வெச்சிருக்கறாரு."

"கடை பேரு என்ன?"

"அதெல்லாந் தெரியும். அடுத்தது கேளு."

ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அதே பதில். நானும் ஒவ்வொரு முறையும் அதற்கு நேரே சரி போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

6

விமானம் தரையிறங்கிவிட்டதாகப் பலகை காட்டியது. டப்ளின் விமான நிலையத்தில் வருகிறவர்கள் வெளியேறும் கதவுக்கு எதிரே நின்றேன். பலூன் வைத்துக்கொண்டு நின்றவர்கள் கட்டிப்பிடித்து அழுது முடித்துப் போனார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மலையாளிக் குடும்பத்துக்கு அவர்கள் அம்மா வந்து சேர்ந்தார். அதே விமானம். அந்த அம்மாவிடம் ஓடிப்போய், பச்சைச் சேலை கட்டின ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அவரெ அவிடெ ஒரு முறியில் இருத்தியிரிக்குவா மோளே" என்றார். உள்ளே ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

சர்க்கரை குறைந்து மயங்கியிருப்பாரோ? ஊறுகாய்க்காகவா? சந்தேகம் ஒவ்வொன்றாக எழுந்தது. அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. குடிவரவு அதிகாரி. மரியாதையான குரல். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"உங்கள் பெரியம்மா எதற்காக வந்திருக்கிறார்?"

"எங்களைப் பார்க்க. எங்கள் கடையின் ஆண்டு நிறைவுக்கு."

"யாருடைய கடை?"

"என் கணவருடையது."

"உங்கள் அழைப்புக் கடிதத்தில் கடையின் பெயர் கிட்டுச்சாமி. இவருடைய கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் கிட்டுச்சாமி. விண்ணப்பத்தில் அந்தக் கணவர் இந்தியாவில் விவசாயி என்று இருக்கிறது. இவர் பை நிறைய மிளகாய்த்தூளும் மசாலாவும் கொண்டுவந்திருக்கிறார். கணவருடைய கடையில் வேலை செய்யத்தான் இவர் வருகிறார் என்று நான் நினைத்தால் அதில் என்ன தவறு?"

நான் விளக்கினேன். பெரியப்பா கடையின் உரிமையாளர் இல்லை, அவர் மேல் உள்ள பிரியத்தால் வைத்த பெயர் என்றேன். கோர்வையாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் என் ஆங்கிலம் எனக்கே புதிதாகக் கேட்டது.

"இதையே அவரிடமும் கேட்டோம்" என்றார் அதிகாரி. "கேரள முகவரி என்பதால் மலையாள மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்துக் கேட்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். கடையின் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். கணவர் பெயரைக் கேட்டால் கடவுச்சீட்டைக் கை காட்டுகிறார். எதையோ மறைக்கிறார்."

"மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனைவி கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்."

"சொன்னால்?"

"அவருடைய ஆயுள் குறையும் என்று நம்பிக்கை."

"அப்படியானால் அந்தப் பெயரை ஏன் கடைக்கு வைத்தீர்கள்?"

இந்தக் கேள்வி என் ஒத்திகைத் தாளில் இல்லை. இவ்வளவு நாளில் நான் என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

"நான் சொல்கிறேனே, எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நீங்கள் சொல்வது உங்கள் பதில். எனக்கு அவருடைய பதில் வேண்டும்."

"அவர் சொல்லாவிட்டால்?"

"திரும்பும் விமானத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்."

பெரியம்மாவிடம் ஒரு நிமிடம் பேசலாமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லாத ஒரு நேரம் அது. அவரைத் திருப்பி அனுப்பினால் இனி எந்த நாட்டு விசாவும் லேசில் கிடைக்காது. தனியாக அத்தனை தூரம், அவமானத்தோடு. சொல்லிவிடுங்கள் பெரியம்மா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அடுத்த நிமிடமே, வேண்டாம், சொல்ல வேண்டாம் என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிய பாதிப்பு என்று என் கட்டங்களில் போட்டுப் பார்க்க முடியவில்லை. செந்திலுக்குச் சொல்லலாம் என்று கடைக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவர் வழக்கம்போல, "கிட்டுச்சாமி, வணக்கம்" என்றார். பேசாமல் வைத்துவிட்டேன்.

7

கதவு திறந்து பெரியம்மா வந்தார். பச்சைச் சேலை, மேலே என் பழைய கம்பளிச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. அழுத மாதிரி இல்லை. நான் கட்டிக்கொண்டேன். அவர் முதுகு விறைப்பாக இருந்தது.

"என்ன கேட்டாங்க பெரியம்மா? உட்டுட்டாங்களா?"

"உடாமயா இங்க நிக்கறேன்? வண்டி எங்க?"

காரில் ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை மாட்டச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "பெரியப்பாவுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை.

"மறுக்காப் போடு."

மறுபடியும் எடுக்கவில்லை. பெரியம்மா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லீட்டேன் கண்ணு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"போன்ல ஒரு மலையாளத்துப் பொண்ணு. நல்ல பொண்ணுதான். 'அம்மே, பேரு பறயணம், இல்லெங்கில் திரிச்சு அயக்கும்'ங்கறா. திருப்பி அனுப்புனா எனக்கென்ன போச்சு, ஊட்டுக்குத்தான போறேன். ஆனா நீ வெளிய நிக்கறயே. இந்த ஊருல தனியா நின்னு அழுவியேன்னு... சொல்லீட்டேன். அந்தாளுக்கு வெளங்கல. மறுக்காச் சொல்லுங்கறான். மெதுவாச் சொல்லுங்கறான். அப்பறம் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்லி எளுதறான். கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து வாயில வராத பேரு. இன்னைக்குப் பிச்சுப் பிச்சுச் சொல்ல வெச்சுட்டானே."

"பெரியம்மா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. போன் போடு."

போட்டேன். ஊரில் அப்போது மாலை. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருப்பார். மொபெட்டில் போய்க்கொண்டிருப்பார். கடைத்தெருவில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். இப்படிச் சாதாரணமான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதை நம்பாதவள் நான். ஆனாலும் மொபெட் என்ற இடத்தில் யோசனை நின்றுவிட்டது. அந்தக் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் பொள்ளாச்சி பஸ்கள் வரும் வேகம் எனக்குத் தெரியும்.

எங்கள் இடத்துக்காகக் காத்திருந்த கார் ஹார்ன் அடித்தது. நான் சாவியைத் திருகினேன்.

"எடுக்காத" என்றார் பெரியம்மா. "அவுங்க பேசாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

கார்க்காரர் கையை விரித்துக் காட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார். நான் மீண்டும் போட்டேன். இந்த முறை வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற குரல்.

"ஆரு? சத்தமாப் பேசுங்க, மோட்டார் ஓடுது."

பெரியம்மாவிடம் போனைக் கொடுத்தேன். "ஏனுங்க" என்றார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு போனை என்னிடமே நீட்டினார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"கண்ணு, நீயா? வந்து சேந்துட்டாளா உங்க பெரியம்மா? வரப்புல போன வெச்சுட்டு மடை திருப்பப் போயிட்டேன். இப்பத்தான் பாக்கறேன், இத்தன தடவ கூப்பிட்டிருக்கற. என்ன, ஆபீசர் ஏதாச்சும் கேட்டாங்களா?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் கேக்கலீங்க பெரியப்பா. பாத்ததும் உட்டுட்டாங்க."

"அதான பாத்தேன். அங்கதான் என்ற பேர்ல கடையே இருக்குதே! ஆராச்சும் ஏதாச்சும் கேட்டா என்ற பேரைச் சொல்லு, உட்டிருவாங்கன்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். அவளா சொல்லுவா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நீண்டு இருமலில் முடிந்தது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். இருமல் தொடர்ந்தது. பிடி இறுகியது. வரப்பில் நின்று ஒருவர் இருமுவதை இரண்டு பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர் காறித் துப்பி, "செரி, மடை ஒடையும், வெக்கறேன்" என்றார்.

பெரியம்மா கையை எடுத்தார். பெல்ட்டை இழுத்தார். மாட்டத் தெரியவில்லை. நான் மாட்டிவிட்டேன்.

"நாளைக்கும் போன் போடோணும்" என்றார். "நாளான்னைக்கும்."